நேர்மையான ஏமாற்று வித்தை

"விலங்கு கைக்குள் பதுங்கும் இடம். இரண்டு எழுத்து."

இதைப் படித்தவுடன் நேயர்களில் சிலருக்குப் போலீஸ்காரர் ஞாபகத்துக்கு வருவார். வேறு சிலருக்குப் புலியோ கரடியோ வரும். இன்னும் சிலர், "கைக்குள் எந்த விலங்கு ஐயா பதுங்கும்? எழுதியவருக்குப் புத்தி பிசகிவிட்டதா?" என்று கேட்பார்கள். மூன்று வகையினரும் எழுதியவர் விரித்த வலையில் சரியாக வந்து விழுந்தவர்களே.

ஒரு வீட்டில் காலைக் காப்பி வேளையில் தாத்தாவும் பேத்தியும் இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு மல்லாடுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

"கைவிலங்கு மாட்டினால் அடுத்தபடி எங்கே போவான்? சிறை! இரண்டு எழுத்து, கணக்குச் சரியாய்ப் போயிற்று" என்கிறார் தாத்தா.

"சிறை பதுங்குகிற இடமா, தாத்தா? அகப்பட்டுக்கொண்டவன் போகிற இடமல்லவா? அதோடு, மேலிருந்து கீழே வருகிற சொல்லினால் முதல் எழுத்து 'கு' என்று ஆகிவிட்டதே!"

"அப்படியானால் குகை. விலங்கு பதுங்கும் இடம் குகைதானே? தீர்ந்தது விவகாரம். எழுது."

"எழுதலாம். ஆனால் 'கைக்குள்' என்ற சொல் எதற்காக வந்தது? அது சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே?"

தாத்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொள்கிறார். "விலங்கு கை... விலங்... கு... கை... அடி சக்கை! இரண்டு சொல்லுக்கும் நடுவிலேயே 'குகை' பதுங்கிக்கொண்டிருக்கிறதே!"

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தாத்தாவுக்கு விடை முன்னமே கிடைத்துவிட்டது. ஆனால் விளக்கம் கிடைக்கவில்லை. பேத்தி பிடிவாதம் பிடித்திராவிட்டால் அவர் 'குகை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பார்; உண்மையான ரஸத்தை இழந்திருப்பார். இம்மாதிரிக் குறுக்கெழுத்தில் ஈடுபட்டவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போவதெல்லாம் பெரும்பாலும் விடை கேட்பதற்காக அல்ல. "விடை தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை" என்ற அவஸ்தையைத் தீர்த்துக்கொள்வதற்காகவே.

இங்கிலீஷில் 'கிரிப்டிக்' என்று பெயர் பெற்ற இந்த வகையைச் சூசகக் குறுக்கெழுத்து என்று சொல்லலாம். சாதாரணக் குறுக்கெழுத்தில் "மதுரை வழியாக ஓடும் நதி" என்று கேட்டால் வைகை என்று எழுதிவிட்டுப் போகிறோம். சூசகக் குறிப்போ இரண்டு உறுப்புகள் கொண்டது. ஒரு முனையில் விடைக்கு நேரான பொருள் இருக்கும். மற்றப் பகுதி அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழியைச் சொல்லும். இரண்டையும் ஒட்டிய தையல் வெளியே தெரியாதபடி, ஏதோ சாதாரண வாக்கியம் போல் எழுதிவிடுவதில்தான் சாமர்த்தியம். "குழம்பிப்போன நரகமே பட்டணம்" என்பது நான்கெழுத்துக் குறிப்பு. போக்குவரத்து நெரிசலில் அகப்பட்டவர் விட்ட பெருமூச்சு என்று தோன்றும். நரகம் என்ற நான்கு எழுத்தையும் குழப்பிப் பாருங்கள்: நகரம்! "தண்ணீரின் தலையோடு எலி வீடு சேர்ந்து கத்துவது", மூன்று எழுத்து. தண்ணீரின் தலை 'த', எலி வீடு 'வளை', சேர்ந்தால் தவளை. "கழுத்தில் விழும் பொழுது" என்பதற்கு விடை மாலை. பூமாலையும் உண்டு, அந்திமாலையும் உண்டு. 'பொழுது' என்ற சொல் படிக்கிறபோது ஓர் அர்த்தமும் விடுவிக்கிறபோது வேறோர் அர்த்தமும் கொள்கிறது. காளமேகப் புலவர் பிறந்த நாட்டில் சிலேடையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: "திட்டித் திருப்பிப் போட்டு அழுக்கை நீக்கு", இரண்டு எழுத்து. இதற்கு விடை சொல்லப்போவதில்லை. வீட்டில் நடக்கிற காரியந்தான்.

மேற்கண்ட விடைகளில் எதையாவது யாராவது மறுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியாது. கட்டத்தை அமைத்தவர் மூடி முத்திரையிட்டு வைத்த உறையைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விடை தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்கிறது.

இது சின்ன விஷயமல்ல. நம் தேசத்தில் இதற்கு நேர்மாறான ஒரு குறுக்கெழுத்து ஒரு காலத்தில் பேயாட்டம் ஆடிற்று. 1930-களிலும் 40-களிலும் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் பத்திரிகைகளிலே மலிந்திருந்தன. தமிழ் வாரப் பத்திரிகைகளும் அதற்கு விலக்கல்ல. அவற்றில் பலவற்றின் சூட்சுமம் இதுதான்: "குடும்பத்துக்கு இது மிகவும் அவசியம்" என்று குறிப்பு இருக்கும். கட்டத்தில் 'ப' என்றும் 'ம்' என்றும் போட்டு நடு எழுத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். பணமா, பலமா, பயமா, பழமா? நான்கும் பொருந்தும். எது 'சரியான' விடை என்பது நடத்துகிறவரின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். ஒவ்வொரு கூப்பனுக்கும் கட்டணம். பணம் என்று ஒன்று, பலம் என்று ஒன்று, பயம் என்று ஒன்று அனுப்பிவிட்டு, சம்பளத் தேதிக்காகக் காத்திருந்த குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர்! மூளைக்கு வேலை என்ற பெயரில் நடந்த சூதாட்டம் அது. கடைசியில் 1955-இல் பார்லிமெண்டில் பரிசுப் போட்டிகள் சட்டம் நிறைவேறிற்று. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு கூடாது என்று அச்சட்டம் வரம்பு கட்டியது. போட்டி நடத்தியவர்கள் சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றார்கள். 1957-இல் தீர்ப்பளித்த நீதிபதிகள், அச்சட்டம் சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளையே கட்டுப்படுத்தும், மெய்யான திறமையால் வெல்லக்கூடியவற்றுக்குப் பொருந்தாது என்று பிரித்துக் காட்டினார்கள்.

திறமை வேறு, சூதாட்டம் வேறு என்ற இந்த வித்தியாசத்தைத்தான் இங்கிலாந்தில் சில பள்ளிக்கூட உபாத்தியாயர்களும் பாதிரிமார்களும் எந்தச் சட்டத்தின் உதவியும் இல்லாமல் தங்களுக்குள் வாதாடி நிலைநாட்டினார்கள்.

குறுக்கெழுத்து பிறந்தது அமெரிக்காவில்: 1913 டிசம்பர் 21-ஆம் தேதி 'நியூயார்க் வோர்ல்டு' பத்திரிகையில், ஆர்தர் வின் என்பவர் கையால். கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் அதற்குச் சூது புத்தி ஏற்பட்டது. 'அப்சர்வர்' பத்திரிகையில் 1926 முதல் டார்க்கெமாடா என்ற புனைபெயரில் ஒருவர் கட்டங்கள் வெளியிட ஆரம்பித்தார். டார்க்கெமாடா என்பது பழைய ஸ்பெயின் தேசத்தில் மத விசாரணை நடத்திச் சித்திரவதைக்குப் பெயர் போனவரின் பெயர்! மனிதரின் சொந்தப் பெயர் எட்வர்டு போவிஸ் மேதர்ஸ். கீழ்த்திசை இலக்கியங்களை ஆங்கிலத்தில் தந்தவர். காசுமீரத்துக் கவி பில்ஹணனின் காதற் செய்யுட்களைக்கூட அவர் தழுவி எழுதியிருக்கிறார். பாரதிதாசனாரின் 'புரட்சிக்கவி'க்கு ஆதாரமாயிருந்ததும் அந்தப் பில்ஹணன் கதைதான். ஒரே கவி ஒரு பக்கம் புதுச்சேரியில் புரட்சி செய்ய, மற்றொரு பக்கம் லண்டனில் குறுக்கெழுத்துக்காரருடன் சகவாசம் செய்திருக்கிறான்!

டார்க்கெமாடாவின் குறிப்புகள் மகா கடினம். ஆனால் அவர் ஏமாற்றுவதற்குச் சட்ட திட்டம் ஒன்றும் வகுத்துக்கொள்ளவில்லை. 1939-இல் அவர் காலமானதும், கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் போதித்துவந்த டெரிக் மக்நட் என்பவர் அந்த இடத்துக்கு வந்தார். அவரும் ஒரு ஸ்பானிய விசாரணையாளரின் பெயரையே சூட்டிக்கொண்டார்: ஸிமெனிஸ். உபாத்தியாயர் அல்லவா? இலக்கணம் வகுத்தார். படிக்கிறவனைத் திசை திருப்பிவிடு, தாராளமாகத் திருப்பு; ஆனால் நீ எழுதிய சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அவை விடைக்குத்தான் வழி காட்ட வேண்டும்; வேண்டாத சொல் ஒன்றுகூட இருக்கலாகாது. இதே கருத்தை அவருக்குச் சற்று முன்பே, 1949-இல் வெளிவந்த தமது புத்தகத்தில், அஃப்ரித் என்ற புனைபெயர் கொண்ட ரிச்சி என்பவர் எடுத்துச் சொல்லியிருந்தார். ஸிமெனிஸ் அதை ஒரு சாஸ்திரமாகவே விரித்து 1966-இல் தனி நூலாக்கினார்.

அந்தச் சாஸ்திரத்தின் ஓர் விதியை மட்டும் நம் பாஷையில் பார்ப்போம். "குழம்பிப்போன நரகமே பட்டணம்" என்பது செல்லும். "குழம்பிப்போன எமலோகமே பட்டணம்" என்று எழுதினால்? எமலோகத்தை முதலில் நரகம் என்று ஊகித்து, பிறகு அதைக் குழப்ப வேண்டும். குழப்ப வேண்டிய எழுத்துக்கள் கண்ணெதிரே இல்லை. ஸிமெனிஸ் இதைச் செல்லாது என்று தள்ளிவிடுவார். 'நகரின் தலை' என்று சொல்லி 'ந' என்ற எழுத்தைப் பெறலாம். 'தலைநகர்' என்று சொல்லிப் பெறலாமா? கூடாது என்பார் ஸிமெனிஸ் கட்சிக்காரர். தலையாக இருக்கும் நகர் வேறு, நகரின் தலை வேறு. "அடடா, சிரிப்பு வருகிறதே, அது போதாதா?" என்பார் எதிர்க்கட்சிக்காரர். மேலே நான் கொடுத்த மாலைக் குறிப்பிலும் கண்டிப்பானவர்கள் குற்றம் காண்பார்கள்: பொழுது என்றால் காலையும் பொழுதுதானே, மாலைக்கு மட்டும் என்ன உரிமை என்று. என் கட்சியைக் கேட்டால், தலைநகரை விட்டுக்கொடுத்துவிடுவேன். மாலையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இம்மாதிரி வாதங்களுக்கு ஒரு நிரந்தர மேடையையும் ஸிமெனிஸ் அமைத்துக் கொடுத்தார். சில வாரங்களுக்கு ஒரு தடவை வரும் போட்டிக் கட்டத்தில் ஒரு சொல்லுக்கு மட்டும் சூசகக் குறிப்பு இராது. வெறும் பொருள் மட்டும் இருக்கும். கட்டத்தை விடுவித்தவர்கள் அந்தச் சொல்லுக்குத் தாங்களே ஒரு குறிப்பு இயற்றி அனுப்ப வேண்டும். வந்தவற்றையெல்லாம் பரிசீலித்து, சிறந்தவற்றையும் தமது அபிப்பிராயங்களையும் ஒரு தாளில் அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்கு அனுப்புவார். யாருடைய குறிப்பில் எந்தச் சொல் உபரி, எது இலக்கணப் பிழை, எது அழகு என்று அதில் தாட்சண்யமில்லாமல் எழுதியிருக்கும். பரிசுத் தொகை பிரமாதமில்லை. ஆனாலும் பாங்கித் தலைவர்களும் பாதிரிமார்களும் குடும்ப ஸ்திரீகளும் வருஷக்கணக்கில் விடாமல் எழுதினார்கள். முகம் பாராமலே ஒருவர் குறிப்பை ஒருவர் ரஸித்தார்கள். எண்ணிக்கை நிறைந்த சில கட்டங்களைக் கொண்டாட விருந்து வைத்துச் சந்தித்தார்கள். 1971-இல் ஸிமெனிஸ் மறைந்தபின் அப்பணியை அடுத்த ஆண்டு ஏற்றுக்கொண்டவர் ஜானதன் க்ரௌதர். அவர் பெயர் ஏஸெட். தேஸா என்ற மற்றொரு விசாரணையாளரின் பெயரை இங்கிலீஷ் எழுத்துக்களில் பின்னிருந்து படித்தால் இந்தப் பெயர் வரும். முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை என்ற பொருளும் அதில் தொனிக்கிறது.

இந்தப் போட்டியாளர்களில் ஒருவர் காலின் டெக்ஸ்டர். அவர் துப்பறியும் நாவல் எழுதத் தொடங்கியபோது கதாநாயகருக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? அந்தத் தாளில் அடிக்கடி தம்மை முந்திக்கொண்டிருந்த ஸர் ஜெரிமி மார்ஸ் என்பவரின் பெயரை! அவர் பிற்காலத்தில் லாயிட்ஸ் பாங்கின் தலைவராயிருந்தவர். இன்ஸ்பெக்டர் மார்ஸின் உதவியாளரான லூயிஸும் மற்றொரு போட்டியாளரின் புனைபெயரிலிருந்து வந்தவரே. டெலிவிஷனில் அந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் களித்த கோடிக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இந்த விவகாரம் தெரியும்?

யுத்த காலக் கதை ஒன்று எல்லோரும் சொல்வது, நானும் சொல்லிவிடுகிறேன். 'டெய்லி டெலிகிராப்' கட்டங்கள் மிகவும் சுலபம் என்று புகார் வந்ததன்பேரில், 12 நிமிஷத்துக்குள் விடுவிக்க முடியுமா என்று 1942 ஜனவரியில் பத்திரிகை ஆபீஸிலேயே ஒரு பரீட்சை நடந்தது. சிலர் விடுவித்தும் காட்டினார்கள். பரீட்சைக்கு வந்தவர்களில் சிலருக்குப் பிற்பாடு யுத்த இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. பகைவரின் சங்கேத மொழியை உடைக்கும் பிளெட்ச்லி பார்க்கில் அவர்களுக்கு வேலை காத்திருந்தது.

நம் சென்னையில் 'ஹிந்து' பத்திரிகை 1971 முதல் சூசகக் குறுக்கெழுத்தை வெளியிட்டு வருகிறது. காலைக் காப்பியோடு அதைக் கையிலெடுக்கும் குடும்பங்களில் தகப்பனார் பாதி, மகள் பாதி, மீதிக்கு டெலிபோனில் மைத்துனர் என்று ஏற்பாடு. அந்தக் குடும்பங்களுக்கு நான் மேலே சொன்ன தாத்தாவும் பேத்தியும் புதியவர்களல்லர்.

இனி, ஸிமெனிஸின் எதிர்க்கட்சிக்காரர்களில் தலைசிறந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜான் கிரஹாம் என்பது அவர் பெயர், ஆங்கிலிகன் பாதிரியார். 1958 முதல் 'கார்டியன்' பத்திரிகைக்குக் கட்டம் அமைத்துவந்தவர். 1970-இல் அரௌகேரியா என்ற புனைபெயர் பூண்டார். குரங்கும் ஏறத் திகைக்கும் என்று சொல்லப்பட்டு, 'குரங்குப் புதிர்' என்றே ஆங்கிலத்தில் பெயர் பெற்ற மரத்தின் தாவர நூற்பெயர் அது. 'பைனான்ஷியல் டைம்ஸ்' பத்திரிகையில் அவருக்கு வேறு பெயர்: சினிஃபைல். சினிமா அபிமானி என்று பொருள் தோன்றும். ஆனால் அதன் ஒன்பது இங்கிலீஷ் எழுத்துக்களையும் கலைத்து அடுக்கினால் 'சிலி பைன்' என்று வரும். அது அதே மரத்தின் இன்னொரு பெயர்!

விவாகரத்துக் காரணமாகப் பாதிரிப் பணியை விட நேர்ந்தபோது குறுக்கெழுத்தே அவருக்கு ஜீவனமாயிற்று. விதிகளை அவர் சற்றுத் தாராளமாகவே வளைப்பார். கண்டிப்பானவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுத்துக்கொண்டே முதல் ஆளாக விடுவிப்பார்கள். அவருடைய குறிப்புகளில் பிரசித்தமான ஒன்றுக்கு விடை, கவி ரூபர்ட் புரூக் பாடிய கிராண்ட்செஸ்டர் கிராமத்துப் பழைய பாதிரி வீட்டின் பெயர். அந்த வீட்டில் பிற்காலத்தில் குடியிருந்தவர் நாவலாசிரியர் ஆர்ச்சர் பிரபு. வீட்டின் பெயரிலுள்ள 26 எழுத்துக்களையும் அப்படியே கலைத்து, ஆர்ச்சர் பிரபுவைப் பற்றிக் குறும்பாக ஒரு வாக்கியமாக அடுக்கிவிட்டார் அரௌகேரியா! அதைக் கண்டபோது ஸிமெனிஸ் கட்சியாரும் வாயடைத்துப் போனார்கள்.

2013 ஜனவரி 11-ஆம் தேதி 'கார்டியனில்' அரௌகேரியாவின் கட்டம் வழக்கம்போல் வெளியாயிற்று. அதற்கு முன்னுரையாக ஒரு வாக்கியம். அரௌகேரியாவுக்கு 19-இல் இருப்பது 18. அதற்கு 13, 15 நடக்கிறது என்பது அதன் சாரம். எண்களுக்குப் பதில் விடைகளைப் போட்டால்தான் வாக்கியம் பூர்த்தியாகும்.

18-க்கு உரிய குறிப்பு இங்கிலீஷில் மூன்றே சொல்: 'வளர்ச்சியின் ராசி' என்று ஒருவாறு சொல்லலாம். சோதிடத்தில் நம் கடக ராசிக்கு அவர்கள் வழங்கும் பெயர், உடலில் வேண்டாத வளர்ச்சியாகிய புற்றுநோய்க்கும் பெயர். இலக்கணம் பிசகவில்லை, உபரிச் சொல் ஒன்றும் இல்லை. ஸிமெனிஸே இருந்தாலும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. 19-க்கு விடை உணவுக்குழாய். 13, 15 இரண்டும் சேர்ந்தால், குணப்படுத்த இயலாத நோயில் உபாதையைத் தணிக்கும் சிகிச்சை. மற்றக் கட்டங்களில் எண்டாஸ்கோப்பி வந்தது, ஸ்டென்ட் வந்தது, சூரியாஸ்தமனம் வந்தது.

செய்தியாக அச்சிட்டிருந்தால் ஒரு நொடியில் படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருப்பார்கள். அவரோ நாற்பது ஐம்பது வருஷமாகத் தம்மோடு மல்லுக்கட்டி வந்தவர்களை எழுத்தெழுத்தாகத் தேட வைத்தார். ஒரு குறுக்குச் சொல், ஒரு நெடுக்குச் சொல் என்று தங்கள் கையாலேயே பென்சிலால் நிரப்பி, தாங்களே அந்தச் செய்தியைக் கண்டுபிடிக்கும்படி செய்தார். மற்ற நாளில் "ஏன் இந்த விடை?" என்று ஒருவரையொருவர் கேட்டவர்கள், அன்று "இதுதானா விடை?" என்று கேட்டிருப்பார்கள். எல்லாச் சொற்களும் பொருந்திவிட்ட பிறகு சந்தேகத்துக்கு இடம் ஏது?

உண்மையில் அந்தக் கட்டம் முந்தின டிசம்பரிலேயே சந்தாதாரர்களுக்கான ஒரு சிறு குறுக்கெழுத்துப் பத்திரிகையில் வெளிவந்திருந்தது. நெருங்கிய கோஷ்டிக்கு முதலில் சொல்லிவிட்டு, பிறகு ஊருக்குச் சொல்லியிருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களிடம், அதுவே இயல்பாகத் தோன்றியது என்ற கருத்தில் பதில் சொன்னார்.

நோயோடு இருந்த அந்த மாதங்களிலும் அவர் கட்டங்கள் அமைப்பதை நிறுத்தவில்லை. அவ்வாண்டு நவம்பர் 26-ஆம் தேதி, 92-ஆவது வயதில் ஜான் கிரஹாம் காலமானார்.